தன் வழக்குக்குத் தானே நீதிபதி

1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் அவர் பெயரோடு வெளிவந்தது. அதிற் குறை கண்டவர் யாரிடம் நியாயம் கேட்பது என்று தடுமாற வேண்டியிருக்கவில்லை. 2001 ஜனவரியில் தொடங்கிய விக்கிப்பீடியாவுக்கு அத்தகைய ஆசிரியர் ஒருவர் இல்லை. ஊதியம் பெறாத ஆயிரமாயிரம் பேர், பெரும்பாலும் புனைபெயர்களில் மறைந்து நின்று, அதனை எழுதுகின்றனர். அறிவைச் சந்தைச் சரக்காக்காமல் பொதுச்சொத்தாக்கிய இம் முயற்சியை நாம் மனமார வரவேற்பவர்கள். வரவேற்பவர்கள் என்பதனாலேயே அதன் பலவீனமொன்றைப் பற்றிப் பேசும் கடமையும் நமக்குண்டு.

எழுதுபவருக்கு எழுதும் பொருளிலே சொந்த நலன் இருந்தால் செய்யத்தக்கது யாது? அவர் கட்டுரையில் நேரே கைவையாது, உரையாடற் பக்கத்தில் தம் கருத்தைத் தெரிவித்துவிட்டு ஒதுங்கி நிற்பதே முறை என்கின்றனர் விக்கிப்பீடியர். நல்ல முறைதான். ஆயினும் அதன் ஸ்தாபகர் ஜிம்மி வேல்ஸ் அவர்களே தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே பலமுறை திருத்தியதும், லாரி சாங்கர் இணை ஸ்தாபகர் என்னும் குறிப்பை அகற்றியதும் 2005 டிசம்பரில் அம்பலமாயின. அவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஸ்தாபகருக்கே கை துருதுருத்ததென்றால், கூலி வாங்கி எழுதுவோரைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. 2013இல் வணிக நிறுவனமொன்றோடு தொடர்புடைய இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலே, பணம் பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படுத்த வேண்டுமென்ற நிபந்தனை வந்தது. வெளிப்படுத்துபவன் நேர்மையாளன், மறைப்பவனுக்கோ இவ்விதி வெறும் காகிதம்.

நாவலாசிரியர் பிலிப் ரோத்தின் வழக்கு இதனினும் சுவையானது. தமது ‘த ஹியூமன் ஸ்டெய்ன்’ நாவலின் நாயகனுக்கு மூலம் அனடோல் புரோயார்ட் என்னும் எழுத்தாளர் என்ற குறிப்பை அகற்றுமாறு அவர் கேட்டார். ஆசிரியர் சொல் மட்டும் போதாது, பிறர் எழுதிய சான்று வேண்டுமென்று பதில் வந்தது. சினமுற்ற ரோத், 2012 செப்டெம்பரில் ‘நியூ யோக்கர்’ இதழிலே பகிரங்கக் கடிதமொன்று வரைந்து, உண்மையான தூண்டுதல் தம் நண்பர் மெல்வின் டியூமினே என்று விளக்கினார். உலகம் விக்கிப்பீடியரைப் பார்த்துச் சிரித்தது. நாம் அச்சிரிப்பிற் கலந்துகொள்ளத் தயங்குகிறோம். நாவல் எதிலிருந்து பிறந்தது என்பதற்கு ரோத்தின் வாக்கு ஈடற்ற சான்றே. எனினும் விமர்சகர் சிலர் புரோயார்ட்டை நினைத்தனர் என்பதும் நடந்த உண்மைதானே! நூலைப் படைத்தவர், அந்நூலைப் பிறர் எவ்வாறு வாசித்தனர் என்னும் வரலாற்றையும் தாமே திருத்த உரிமை கோரலாகாது. அவரது கடிதம் அச்சேறியபின் அதுவும் கட்டுரையில் இடம்பெற்றது. இரண்டும் இருப்பதே வாசகருக்கு நன்மை.

பணமும் புகழும் கண்ணுக்குத் தெரியும் நலன்கள். நம்மை அச்சுறுத்துவது அவையல்ல. குரோஷிய மொழி விக்கிப்பீடியாவிலே தீவிர வலதுசாரிக் குழுவொன்று நிர்வாகிப் பதவிகளைக் கைப்பற்றி, குறைந்தது 2011 முதல் 2020 வரை அதனை ஆட்டிப்படைத்தது. உஸ்டாஷா பாசிஸ்டுகள் செர்பியரையும் யூதரையும் ரோமா மக்களையும் பல்லாயிரக்கணக்கிற் கொன்ற யசெனோவாச் முகாமின் கொடுமை அங்கே மழுப்பி எழுதப்பட்டது. விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டறிக்கை இதனை விரிவாக எடுத்துரைக்கிறது. அவர்கள் கூலிக்கு எழுதியவரல்லர். ‘நலன்முரண்’ என்னும் சொல்லைக் கூலியோடு மட்டும் பிணைத்து வைத்தால் அவர்கள் பிடிபடவே மாட்டார்கள். சர்ச்சையில் ஒரு கட்சியாக வாதாடியவரே நிர்வாகியாக அமர்ந்து எதிராளியைத் தடைசெய்தார் என்பதே அங்கு நடந்த அநீதியின் சாரம். ஆங்கில விக்கிப்பீடியாவில், சர்ச்சையிற் சம்பந்தப்பட்ட நிர்வாகி அதிலே தம் அதிகாரத்தைப் பிரயோகிக்கலாகாது என்ற விதி உண்டு. நடுவர் குழுவினரும் தமக்குத் தொடர்புள்ள வழக்கிலிருந்து விலகிக்கொள்வர். ஒருவர் விலகினால் அவ்விடத்துக்கு வர வேறு பலர் இருப்பதனாலேயே இவ்விதி அங்கு ஓரளவேனும் இயங்குகிறது. நிர்வாகிகள் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமொழிகளிலோ, எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்; விலகி நிற்பவர் போக மிஞ்சுபவர் சிலரே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் உழைக்கும் நண்பர்களும் இதனைச் சிந்தித்தல் தகும். பிறமொழி நிர்வாகிகளை நடுவராக அழைப்பது ஒரு வழி. மொழி தெரியாத நடுவர் எதனைத் தீர்ப்பார் என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்வி நியாயமானதே.

2013இல் குரோஷியக் கல்வி அமைச்சர் தம் நாட்டு மாணவரை நோக்கி, தாய்மொழி விக்கிப்பீடியாவை நம்பாது ஆங்கிலம் முதலிய பிறமொழிப் பதிப்புகளை நாடுமாறு கூறினார். ஆங்கிலம் கற்ற நகரத்து மாணவனுக்கு அது இயன்றிருக்கும். தாய்மொழியொன்றே அறிந்த தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த முகாமைப் பற்றி அறிய எஞ்சியிருந்தது அந்த மழுப்பிய பக்கந்தான்.