விசாரிக்காத காத்திருப்பு

குருபரப்பள்ளி சிப்காட் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மூன்று அசெம்பிளி லைன்கள். ஒவ்வொரு லைனின் கடைசியிலும் ஒரு டெஸ்டிங் மெஷின் இருக்கும். போர்டு ஒன்று வந்து நின்றால் அதன் வோல்டேஜ், சூடு, பாஸா ஃபெயிலா என்பதையெல்லாம் ஒரு வரியாக எழுதி வைக்கும். இரவு பத்து மணிக்கு இரண்டாவது ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்கள் காவேரிப்பட்டினம், சூளகிரி, ஓசூர் என்று கிளம்பிப் போனதும் சர்வர் அறையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் தானாக ஓடும். மூன்று லைன்களின் கோப்புகளையும் இழுத்து, சுருக்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். பிறகு லைன் கம்ப்யூட்டர்களில் இருக்கும் மூலக் கோப்புகளை அழித்துவிட்டு, ‘அனைத்தும் முடிந்தது’ என்று மெயில் போடும். அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான்.

ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று அனுப்பினால் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதனால் மூன்று கட்டளைகளின் வாலிலும் ஒரு & குறி போட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் பின்னணியில் ஓடவிட்டேன். அதற்கு அடுத்த வரியில் ‘வெயிட்’ என்ற ஒற்றைச் சொல். மூன்றும் முடியும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நிற்கும். அதற்குக் கீழே, மூலக் கோப்புகளை அழிக்கும் வரி. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஏறக்குறைய ஒரு வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் மூன்றாவது லைனில் க்வாலிட்டி பார்க்கும் பெண் போன் செய்தார். “அண்ணா, நேத்து செகண்ட் ஷிப்ட் ரிப்போர்ட்ல எங்க லைன் மட்டும் காலியா இருக்கு, பாருங்களேன்.” போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு கோப்புகளும் போய்ச் சேர்ந்த பிறகு சர்வரில் டிஸ்க் நிறைந்து, மூன்றாவது வேலை சுருக்கும்போதே பாதியில் செத்திருந்தது. ‘வெயிட்’ அது முடியும்வரை காத்திருந்தது. முடிந்ததும், எப்படி முடிந்தது என்று கேட்காமல் வழிவிட்டது. அடுத்த வரி, ஒரே பிரதியாக இருந்த மூலக் கோப்பை அழித்தது. மெயிலும் வழக்கம்போல் போனது.

அன்று மதியம் பேக்கிங்கில் டேப் ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளைக் கட்டரால் கீறி, போர்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, நுரைத்தாளைப் பிரித்து, மறுபடியும் மெஷினில் வைத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பெட்டியின் நம்பரைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டு மணி நேர உற்பத்தி. எனக்காக ஓவர்டைம் நின்ற பிள்ளைகள் ஒருவரும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. அதனால்தான் இன்னும் மனதில் கிடக்கிறது.

பின்னணி வேலைகளை ஏவிவிட்டுக் கடைசியில் வெறும் ‘வெயிட்’ எழுதும் பழக்கம் யூனிக்ஸ் உலகம் முழுவதும் இருக்கிறது. பல பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கின்றன. அது எவ்வளவு நல்ல அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் கேட்டில் செக்யூரிட்டி வைத்திருக்கும் ரிஜிஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி உள்ளே வந்தால் ஒரு வரி எழுதப்படும். சரக்கை இறக்கிவிட்டு லாரி நெடுஞ்சாலைக்குப் போய்விட்டாலும், ஸ்டோர்ஸ்காரர் வந்து சலானில் கையெழுத்துப் போடும்வரை அந்த வரி மூடப்படாது. யூனிக்ஸ் கர்னல் செய்வது இதேதான். ‘ஃபோர்க்’ என்ற அழைப்பால் ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தன்னைப் போலவே ஒரு பிள்ளையை உண்டாக்குகிறது. பிள்ளை வேலையை முடித்துவிட்டுச் சாகும்போது அதன் மெமரி, திறந்து வைத்திருந்த கோப்புகள் எல்லாம் உடனே திரும்பிவிடும். ப்ராசஸ் அட்டவணையில் ஒரு வரி மட்டும் நிற்கும். அந்த வரியில், பிள்ளை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். நல்லபடியாக முடிந்தால் 0. கோளாறு என்றால் வேறு ஏதாவது. தாய் ப்ராசஸ் ‘வெயிட்’ என்று கேட்டு அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும்வரை கர்னல் அந்த வரியை அழிக்காது. கேட்பாரற்று நிற்கும் அந்த வரிக்குத்தான் ‘ஜாம்பி’ என்று பெயர். பெயரைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது பத்திரப்படுத்தி வைத்த ஒரு பதில்.

1963-இல் மெல்வின் கான்வே, ஒரு வேலையைப் பிரித்து ஓடவிட்டுப் பிறகு ஒன்றுசேர்ப்பதைப் பற்றி எழுதினார். 1971 நவம்பரில் பெல் ஆய்வகத்தில் வெளிவந்த யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேட்டிலேயே ‘ஃபோர்க்’கும் ‘வெயிட்’டும் இருக்கின்றன. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த அமைப்பு அடிப்படையில் மாறவில்லை. மெமரி தட்டுப்பாடான அந்தக் காலத்தில்கூட, செத்த பிள்ளைக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். என்னால் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

இவ்வளவு அக்கறையாகக் கர்னல் காத்துக் கொடுக்கும் பதிலை வெறும் ‘வெயிட்’ என்ன செய்கிறது? எல்லாவற்றையும் வாங்குகிறது, எதையும் சொல்லாமல் தன் பங்குக்கு 0 என்று திருப்பித் தருகிறது. பிள்ளைகள் அத்தனையும் தோற்றிருந்தாலும் 0-தான். இது பேஷ் ஷெல்லின் பிழை கிடையாது. போசிக்ஸ் தரநிலையே எதையும் குறிப்பிடாத ‘வெயிட்’ 0 தர வேண்டும் என்கிறது. பத்துப் பிள்ளைகள் பத்து எண் கொண்டுவந்தால் எதை ஒற்றை விடையாகச் சொல்வது என்று தரநிலைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் விடை சொல்ல முடியாத இடத்தில் ‘நல்லபடியாக முடிந்தது’ என்று பொருள்படும் எண்ணைத் தருவதை என்னால் ஏற்க முடியாது.

தப்பு நடந்தால் ஸ்கிரிப்டை உடனே நிறுத்தும் ‘செட் -இ’ இருக்கிறதே என்று கேட்கலாம். என் ஸ்கிரிப்டின் தலையிலும் அது இருந்தது. & போட்டுப் பின்னணிக்கு அனுப்பிய கட்டளை தோற்றால் அதன் கண்ணில் படாது. ‘வெயிட்’ 0 தந்துவிட்டதால் அங்கும் அதற்கு வேலை இல்லை.

மருந்து எளிது. ஒவ்வொரு & குறிக்குப் பிறகும் $! என்ற இடத்தில் புதிய பிள்ளையின் அடையாள எண்ணான பிஐடி கிடைக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு எண்ணாக ‘வெயிட்’டிடம் கொடுத்தால் அந்தந்தப் பிள்ளையின் விடை வரும். நாம் கேட்பதற்கு முன்பே பிள்ளை முடிந்துபோயிருந்தாலும் பேஷ் விடையை நினைவில் வைத்திருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மூன்று எண்களையும் ஒரே ‘வெயிட்’டில் வரிசையாகக் கொடுத்தால் கடைசி எண்ணின் விடை மட்டுமே கிடைக்கும். முதல் இரண்டும் தோற்றது தெரியவே தெரியாது. பாதி திருந்தியவர்கள் விழும் குழி இது. கூடவே அந்த எண் எட்டு பிட்டுக்குள் அடங்க வேண்டும், 0 முதல் 255 வரை. தவறுகளின் எண்ணிக்கையையே விடையாகத் தரும் ஒரு நிரல் 256 தவறுகளைக் கண்டால், அது 0 ஆகிவிடும்.

தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பட நிலையிலிருந்து எழுத்தாக மாற்றப்பட்டு ஏறியிருக்கின்றன. அதைப்போல ஒரு நூலின் முந்நூறு பக்கங்களை டெஸராக்ட் எழுத்துணரிக்குப் பிரித்துக் கொடுத்து, பின்னணியில் நான்கு நான்காக ஓடவிடும் ஆர்வலர்களை நினைத்துக்கொள்கிறேன். 117-ஆம் பக்கத்தில் நிரல் செத்தால் வெறும் ‘வெயிட்’ அதைச் சொல்லாது. என்றோ ஒரு வாசகர் அந்த இடத்தில் வந்து முட்டி நிற்கும்போதுதான் தெரியும்.

அடுத்தது, ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாயில் (பைப்) ஒளிந்திருக்கும் சிக்கல். என்னுடன் வேலை செய்த தம்பி ஒருவர், லைன்களின் பட்டியலை ஒரு கோப்பில் வைத்து, அதைக் குழாய் வழியாக ஒரு சுற்றுக்குள் (லூப்) அனுப்பி, சுற்றுக்குள்ளே & போட்டு வேலைகளை ஏவினார். சுற்று முடிந்ததும் வெளியே ‘வெயிட்’. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் பேஷில் குழாயின் அந்தப் பக்கம் இருக்கும் சுற்று ஒரு தனி ஷெல்லில் ஓடுகிறது. வேலைகள் எல்லாம் அந்த ஷெல்லின் பிள்ளைகள், அதாவது நம் ஷெல்லுக்குப் பேரப்பிள்ளைகள். ‘வெயிட்’ தன் சொந்தப் பிள்ளைகளை மட்டுமே அறியும் என்பதால், காத்திருக்க யாரும் இல்லை என்று உடனே திரும்பிவிடும், அதுவும் 0-உடன். குழாயை விட்டுவிட்டுக் கோப்பை நேராகச் சுற்றுக்கு ஊட்டினால் பிள்ளைகள் நம்முடையவர்களாகிவிடுவார்கள்.

சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமே காத்திருக்க முடியும் என்ற விதியைப் பலர் குறையாகச் சொல்வார்கள். நான் அதைப் பலமாகவே பார்க்கிறேன். பிஐடி எண்கள் சுழன்று மறுபடியும் பயன்படும். லினக்ஸில் வெகுகாலம் வழக்கமான உச்சவரம்பு 32768. அந்நியர் ஒருவர் ஓர் எண்ணை நம்பிக் காத்திருந்தால், அந்த எண் இதற்குள் வேறு ப்ராசஸுக்குப் போயிருக்கலாம். தாய் கேட்கும்வரை வரி மூடப்படாது என்பதால் தாய்க்கு அந்தக் குழப்பம் வராது. தாயே முந்திச் செத்தால் அநாதைப் பிள்ளைகளை வழக்கமாக முதல் ப்ராசஸ் தத்தெடுத்து, அவற்றின் வரிகளை மூடும். கன்டெய்னர்கள் வந்த பிறகு, முதல் ப்ராசஸ் இடத்தில் இந்தக் கடமை தெரியாத ஏதோ ஒரு நிரல் உட்கார்ந்து ஜாம்பிகள் குவிந்தன. டாக்கர் 1.13 பதிப்பில் அதற்கென்றே ஒரு விருப்பத்தேர்வைச் சேர்க்க வேண்டிவந்தது.

‘வெயிட்’டுக்கு நேர எல்லை இல்லாதது உண்மையான குறை. சாலையோரம் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுபடுவது எங்கள் பக்கம் புதிதல்ல. அப்போது அனுப்பும் வேலை சாகாமல் தொங்கிக்கொண்டிருக்கும், ‘வெயிட்’டும் விடிய விடிய அதனுடன் நிற்கும். மறுநாள் இரவு, குறித்த நேரத்தில் வேலைகளை ஏவும் கிரான் அதே ஸ்கிரிப்டை இன்னொரு முறை கிளப்பும். ஷெல்லின் ‘வெயிட்’டில் இத்தனை நிமிடம் என்று சொல்ல வழியில்லை. பிள்ளையையே ‘டைம்அவுட்’ என்ற கட்டளைக்குள் வைத்து ஏவ வேண்டும். நேரம் கடந்தால் அது வேலையை நிறுத்தி, 124 என்ற எண்ணைத் தரும்.

ஆனால் கரன்ட் போய், யுபிஎஸ் பேட்டரி தீரும் நேரத்தில் ‘வெயிட்’டின் அருமை தெரியும். சர்வர் தன்னை நிறுத்திக்கொள்ளும் முன் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சிக்னல் அனுப்பும். ஸ்கிரிப்ட் ஒரு கட்டளையை முன்னணியில் ஓட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டளை முடியும்வரை சிக்னல் வந்தால் செய்ய வேண்டியது என்று நாம் எழுதிவைத்த ‘ட்ராப்’பை பேஷ் தொடாது. அதே கட்டளையைப் பின்னணியில் விட்டு ‘வெயிட்’டில் நின்றால், சிக்னல் வந்த கணமே ‘வெயிட்’ 128-க்கு மேற்பட்ட எண்ணுடன் திரும்பும், ‘ட்ராப்’ ஓடும். பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்தி, அரைகுறைக் கோப்பை அப்புறப்படுத்தி, ஒழுங்காக விடைபெற அவகாசம் கிடைக்கும். ஒரே ஒரு வேலை இருந்தாலும் இதற்காகவே நான் & போட்டு ‘வெயிட்’ எழுதுகிறேன்.

யார் முதலில் முடிந்தாலும் சொல் என்று கேட்கும் வசதி பேஷுக்கு 2014-இல் வந்த 4.3 பதிப்பில்தான் கிடைத்தது, ‘வெயிட் -என்’ என்ற வடிவில். அதுவும் விடையை மட்டும் தரும், யாருடைய விடை என்று சொல்லாது. பெயரையும் சொல்லும் ‘-பி’ 2020-இல் 5.1 பதிப்பில் வந்தது. உபுண்டுவில் ‘எஸ்ஹெச்’ என்று அழைத்தால் 2006 முதல் வருவது டேஷ் ஷெல், அதில் இவை இல்லை. இருபது முப்பது வேலைகளுக்கு மேல் போனால் ஷெல்லில் மல்லுக்கட்டாமல் ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ அல்லது குனு ‘பாரலல்’ பக்கம் போவதே மேல்.

பெட்டிகளைக் கீறிய அந்த வாரமே ஸ்கிரிப்டை மாற்றினேன். மூன்று பிஐடி, மூன்று ‘வெயிட்’, மூன்று விடை. 0 வந்த லைனின் மூலக் கோப்பு மட்டும் அழியும். மெயிலில் ‘அனைத்தும் முடிந்தது’ என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, லைன் பெயருக்கு எதிரே அதன் எண்ணைப் போட்டேன். க்வாலிட்டி பார்க்கும் அந்தப் பெண்ணிடம் எண்களின் அர்த்தத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு காலை மறுபடியும் போன் வந்தது. “அண்ணா, ரெண்டாவது லைன்ல 124 போட்டிருக்கு. கேபிளா?” கேபிள்தான். கோப்பு லைன் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருந்தது. மதியம் கேபிள் சரியானதும் அனுப்பிவிட்டு அவருக்குச் சொன்னேன்.