மூட்டைக்குள் இருக்கும் சிரிப்பு

அமெரிக்காவைச் சுற்றிவந்து சிரிக்கச் சிரிக்க எழுதியவர்களின் புத்தகம் ஒன்று புதிதாகக் கையில் கிடைத்தால், முதலில் நான் தேடுவது மூட்டை கட்டும் பக்கங்களை. பள்ளத்தாக்கையும் பாலைவனத்தையும் யார் வேண்டுமானாலும் வர்ணித்துவிடலாம். கிளம்புகிற ஆள் எதை அவசியம் என்று நினைத்துப் பையில் திணிக்கிறார் என்பதில்தான் எழுத்தாளரின் கை தெரியும். நாடு அவ்வளவு பெரியது. எந்தத் திட்டத்தையும் அது தோற்கடித்துவிடும். எப்படித் தோற்கப்போகிறார்கள் என்பது மூட்டையிலேயே எழுதியிருக்கும்.

இந்தக் கலைக்கு மூலவர் மார்க் ட்வைன். 1861இல் அவருடைய அண்ணன் ஓரியனுக்கு நெவாடா பிரதேசத்தின் செயலாளர் பதவி கிடைக்கிறது. இருபத்தைந்து வயதுத் தம்பி கூடவே தொற்றிக்கொள்கிறார். மிசௌரியின் செயின்ட் ஜோசப் ஊரிலிருந்து குதிரைகள் இழுக்கும் தபால் கோச்சு வண்டி. ஆளுக்கு 25 பவுண்டு சாமான்தான் அனுமதி. விருந்துக்குப் போடும் கோட்டும் வெள்ளைக் கையுறையும் பெட்டியோடு ஊர் திரும்புகின்றன. ஆனால் ஆறு பவுண்டு எடையுள்ள பேரகராதி மட்டும் வண்டி ஏறுகிறது. காட்டு நாட்டில் அகராதி கிடைக்காதே என்ற கவலை!

'ரஃபிங் இட்' (1872) புத்தகத்தில் அந்த அகராதி படும் பாட்டை, இல்லை, அது மற்றவர்களைப் படுத்தும் பாட்டைப் படிக்க வேண்டும். வண்டி ஓடைக்கரையில் சரிந்து இறங்கும்போது தபால் மூட்டைகளின்மேல் படுத்திருப்பவர்கள் ஒரு பக்கமாக உருள்கிறார்கள். மறுகரையில் ஏறும்போது இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறையும் அகராதியும் கூடவே பறந்து வந்து யாரையாவது பதம் பார்க்கிறது. ட்வைன் அதன் எடையை ஒரே ஒரு தடவை, கணக்குப்பிள்ளை குரலில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 'பாருங்கள், வேடிக்கை' என்று எங்கும் தோளைத் தட்டுவதில்லை. அடுத்த ஓடை எப்போது வரும் என்று நாமாகவே காத்திருக்கத் தொடங்குகிறோம். பயணம் முடிந்து பத்தாண்டு கழித்து, அண்ணனின் குறிப்பேட்டைக் கடன் வாங்கி எழுதியது அது. அதற்குள், 1869இல், கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை முடிந்து, அந்த நெடுந்தூரக் கோச்சுப் பயணமே பழங்கதை ஆகிவிட்டது. ஆகவே அந்தச் சிரிப்பில் ஒரு பிரிவுபசாரமும் கலந்திருக்கிறது.

ஜான் ஸ்டைன்பெக் 1960இல் நாட்டைச் சுற்றக் கிளம்பியபோது, படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய டிரக்கில் போனார். துணைக்குச் சார்லி என்ற நாய். டிரக்குக்கு டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே. பெயர் கொடுத்த வாக்குறுதியை, அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் காப்பாற்றவில்லை என்பது என் அபிப்பிராயம். நல்ல புத்தகம்தான், ஆனால் வீட்டையே கூட்டிக்கொண்டு போனால் விழுந்து எழ ஏது வாய்ப்பு?

ட்வைனின் உண்மையான வாரிசு பில் பிரைசன். அயோவாக்காரர், இருபது வருடம் போல இங்கிலாந்தில் இருந்துவிட்டு நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிவந்தவர். அப்போது அவர் குடியிருந்த ஊர் வழியாகவே அப்பலேச்சியன் டிரெயில் போகிறது. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் வரை, 14 மாநிலங்கள் வழியாக, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நடைபாதை. அதை நடந்து முடிக்கப் புறப்பட்ட கதைதான் 'எ வாக் இன் தி வுட்ஸ்' (1998). கடையில் முதுகுப்பை வாங்கும் இடத்திலேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. அவ்வளவு விலை கொடுத்த பை மழையைத் தாங்காதாம், அதற்கு உறை தனியாம்.

துணைக்கு வருபவர் கேட்ஸ். பருத்த உடம்பு, பழைய குடிப்பழக்கத்தை விட்டவர். முதல் நாளே சுமை தாங்காமல் பையிலிருந்து சாப்பாட்டுப் பொருள்களை எடுத்துக் காட்டுக்குள் வீசிவிடுகிறார். பிரைசனின் சாமர்த்தியம், வீசுவதை நேரில் காட்டாததில் இருக்கிறது. நமக்குத் தெரிவது பின்னால் நடக்கும் விசாரணை மட்டும்: எது போச்சு, எது மிச்சம் என்று ஒன்றொன்றாகக் கேட்டு வாங்கும் பதில்கள். அப்புறம் வர்ஜீனியாவில் ஓர் இரவு. கூடாரத்துக்கு வெளியே ஏதோ மிருகம். புறப்படும் முன்பே கரடித் தாக்குதல் பற்றிய புத்தகத்தைப் படித்துப் பயத்தை வளர்த்துக்கொண்டவர், ஆயுதம் தேடிப் பையைத் துழாவினால் கிடைப்பது நகவெட்டி. கேட்ஸோ தூக்கம் கலைந்த எரிச்சலில் இருக்கிறார். பயந்தவன் பக்கத்தில் பயப்படாதவனைப் படுக்கவைத்தால் போதும், காட்சி தானே நடக்கும்.

இந்தச் சிரிப்புகளுக்கு நடுவே பிரைசன் செஸ்ட்நட் மரங்களின் சாவைச் சொல்கிறார். 1904இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய், சில பத்தாண்டுகளில் அந்த மலைகளின் பெரிய மரங்களைத் துடைத்துப் போட்டது. பென்சில்வேனியாவில் 1962 முதல் பூமிக்கடியில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கும் சென்ட்ரேலியாவுக்கும் கூட்டிப்போகிறார். சிரித்து இளகியிருக்கும் மனதில் இவை ஆழமாக இறங்குகின்றன. வெறும் சூழலியல் கட்டுரையாக இருந்திருந்தால் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். 2015இல் வந்த திரைப்படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்டும் நிக் நோல்ட்டியும் தள்ளாடி விழுகிறார்கள். விழுவது மட்டும் தெரிகிறது, விழுந்தவன் தன்னைப் பற்றி மனதுக்குள் பேசும் குரல் கேட்கவில்லை.

பிரைசனும் கேட்ஸும் முழுப் பாதையை நடக்கவில்லை. நாற்பது சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை. முழுவதையும் நடந்த ஒருவரின் மூட்டையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒஹாயோவைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளை பெற்றவர், 1955இல் தம் 67ஆவது வயதில் தனியாகக் கிளம்பினார். காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. தோளில் தாமே தைத்த துணிப்பை. கூடாரம் இல்லை, மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. பாதை சுலபம் என்ற எண்ணத்தைத் தந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் புறப்பட்டிருக்கிறார். முடித்தபின், இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் தொடங்கியே இருக்க மாட்டேன் என்று நிருபர்களிடம் அலுத்துக்கொண்டார். ஆனால் தொடங்கியபின் விட மனமில்லையாம். இரண்டு வருடத்தில் மறுபடி அதே பாதையில் போய் நின்றார். 1959இல், 71 வயதில், மிசௌரியின் இண்டிபெண்டன்ஸிலிருந்து ஓரிகனின் போர்ட்லண்ட் வரை பழைய வண்டித்தடத்தையும் நடந்தே முடித்தார். ட்வைன் கோச்சில் உருண்டு போன அதே பிளாட் நதிச் சமவெளியும் அந்த வழியில்தான் இருக்கிறது. அகராதி எதுவும் எடுத்துப்போகவில்லை.