கேளாத செவியும் துப்பறியும் பெண்ணும்

குற்றக் கதைக்கு உயிர், குற்றவாளி யார் என்னும் வினாவே என்பர். 2023ஆம் ஆண்டு மே மாதம் அமேசான் பிரைம் தளத்தில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த ‘தஹாட்’ என்னும் இந்தித் தொடர் அவ்விலக்கணத்தைப் போற்றவில்லை. கொலைஞன் இன்னான் என்பதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடுகின்றது. அங்ஙனமாயின் எஞ்சும் வினா யாது? இத்தனை பெண்கள் மாண்டும் ஒருவரும் அறியாதிருந்தது எவ்வாறு என்பதே.

ரீமா காக்டியும் சோயா அக்தரும் படைத்த இத்தொடர், அதே ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது. கதைக்களம் இராசத்தானத்து மண்டாவா. பொதுக் கழிப்பறைகளில் மணக்கோலத்தில் நஞ்சுண்டு இறந்துகிடந்த இருபதுக்கும் மேற்பட்ட பெண்களின் வழக்கை, துணை ஆய்வாளர் அஞ்சலி துப்பறிகின்றார். சோனாக்ஷி சின்கா அப்பாத்திரத்தை ஏற்றுள்ளார்.

அஞ்சலி பெண், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் கடந்து செல்லும்போதெல்லாம் நிலையத்துக் காவலர் ஒருவர் ஊதுவத்தி கொளுத்துகிறார். சோதனையிடச் சென்ற இடத்தில் வீட்டார் அவரை உள்ளே விட மறுக்கின்றனர். இக்காட்சிகள் அறிவுரைக்காகச் செருகப்பட்டவை, துப்பறியும் கதைக்கு வேண்டாதவை எனக் கூறுவார் உளர். அக்கூற்றுப் பொருந்தாது.

காணாமற் போன பெண்ணொருத்தியின் அண்ணன் நிலையத்துக்கு வந்து முறையிடுகிறான். ‘ஓடிப் போனவள்’ என்ற ஒரு சொல்லில் அம்முறையீடு முடிந்துவிடுகிறது. வேற்று மதத்தானோடு போனாள் என்று அவனே பொய் புனைந்த பின்னர்தான் ஊர் திரண்டு எழுகிறது, காவல்துறையும் விரைகிறது. பெண்ணின் உயிருக்குத் திறவாத செவி, ஊரின் மானத்துக்குத் திறக்கின்றது. உடன் பணிபுரியும் பெண்ணை மதியாத கண்ணே, மாண்ட பெண்களையும் காணாதிருந்த கண். ஆகவே அஞ்சலி படும் சிறுமை இக்கதையின் கிளைக்கதை அன்று. கொலைகள் தொடர்ந்ததற்கு அதுவே காரணம்.

1991இல் பிரிட்டனில் வெளிவந்த ‘பிரைம் சஸ்பெக்ட்’ தொடரிலும் இவ்வுண்மை உண்டு. ஆடவர் குழு மாண்டவள் இன்னாள் எனப் பிழையாக முடிவு செய்துவிடுகிறது. அவர்கள் ஏற்க விரும்பாத பெண் அதிகாரி ஜேன் டென்னிசனே அப்பிழையைக் கண்டு திருத்துகிறார்.

தமிழர்க்கு இது புதிதன்று. பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பினான். கண்ணகியோ சிலம்பை உடைத்து, உள்ளிருப்பது முத்தன்று, மாணிக்கம் எனச் சான்று காட்டி வழக்குரைத்தாள். ‘தஹாட்’ தொடரிலும் நம்பப்படுபவன் நன்மதிப்புடையோனே. கொலைஞன் பெண்கள் கல்லூரியில் இந்தி இலக்கியம் பயிற்றுபவன். விடுமுறை நாளில் சிற்றூர்ச் சிறார்க்கு நூல்களை ஊர்தியில் கொண்டு செல்பவன். அவனுடைய பெயரே அவனுக்குச் சான்றாகிவிடுகிறது. அஞ்சலியோ ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று தேட வேண்டியுள்ளது. விசய் வர்மா இப்பாத்திரத்தை அமைதியாக நடித்திருப்பது அச்சத்தை மிகுவிக்கின்றது.

குறைகளும் உள. இடைப் பகுதிகளில் ஒரே வகைத் தேடல் திரும்பத் திரும்ப வந்து கதை தொய்கிறது. மேலதிகாரி தேவிலால் மிக நல்லவராகப் படைக்கப்பட்டுள்ளார். அதனால் இழிவு, கீழ்நிலைக் காவலர் சிலரின் குணக்கேடாகவும் ஊராரின் அறியாமையாகவும் சுருங்கிவிடுகிறது. முறையீட்டைப் பதியாது விடுவதற்கு இடந்தரும் அமைப்பைத் தொடர் போதிய அளவு வினவவில்லை.

ஆயினும் முடிவு நன்று. தந்தை மறைத்து வைத்த ‘மேக்வால்’ என்னும் குலப்பெயரை அஞ்சலி மீண்டும் தம் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார். பிறர் மறைத்தவற்றை வெளிக்கொணர்ந்தவர், தம்மைப் பற்றியதையும் மறைக்க விரும்பவில்லை.

கொலையும் காமமும் மிகுந்த இத்தொடர் பள்ளிச் சிறார்க்குக் காட்டத்தக்கதன்று. ஆசிரியப் பெருமக்கள் தாம் காண்க. வழக்குரை காதையைப் பாடமாக நடத்தும்போது, கண்ணகி கேட்டது இரக்கத்தையன்று, ஆராய்ச்சியையே என்பதை மாணவர்க்கு உணர்த்த இது துணைசெய்யும்.