மாங்காய்ப் பூட்டும் பிக்காச்சுவும்

எங்கள் திண்டுக்கல் பூட்டு மாங்காய் வடிவமானாலும் சதுரமானாலும், வீட்டைக் காப்பது உள்ளே இருக்கும் லீவர்தான். 2000-இல் வெளிவந்த 'போக்கிமான் பசில் லீக்' என்ற வீடியோ விளையாட்டும் அப்படித்தான். பக்கத்துக் கட்டைகளை இடம் மாற்றவேண்டும். ஒரே நிறக் கட்டைகள் மூன்று வரிசையாகச் சேர்ந்தால் மறைந்துவிடும். 1995-இல் ஜப்பானில் இதே ஆட்டத்தில் தேவதைப் பெண்கள் இருந்தார்கள். மறு வருஷம் அமெரிக்காவில் அவர்களை எடுத்துவிட்டு யோஷி என்ற டைனோசரை வைத்தார்கள். அதற்கும் பிறகுதான் கார்ட்டூன் தொடரின் ஆஷும் பிக்காச்சுவும் வந்தார்கள். அடிப்படை விதி மட்டும் மாறவேயில்லை.

விளையாட்டு என்கிற முறையில் இது முதல்தரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிக்காச்சுவை எடுத்துவிட்டாலும் ஆட்டம் குறையாது என்றால், அது பாத்திரமல்ல, மேற்பூச்சு. கதாநாயகனை மாற்றினாலும் கதை அப்படியே ஓடுகிற நாவல்களைக் கொண்டாடுகிறோமே, அவற்றுக்கும் என் தீர்ப்பு இதுதான்.