ஏழையின் கூரைமேல் வெண்பனி

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானியப் பேரரசி தெய்ஷியின் பரிவாரத்தில் இருந்தவள் ஸெய் ஷோனகன். அவளுடைய 'தலையணைப் புத்தக'த்தை, 1967-இல் வெளிவந்த ஐவன் மாரிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் திரும்பவும் படித்தேன். புத்தகத்தில் கணிசமான பகுதி பட்டியல்கள். மைக்கட்டியை இழைக்கும்போது கல்லில் சிக்கும் மயிர் எரிச்சலூட்டுகிறது. முலாம்பழத்தின்மேல் வரைந்த குழந்தை முகம் பிடிக்கிறது. புது வெள்ளிக் கிண்ணத்தில் சீவிப்போட்ட பனிக்கட்டி நேர்த்தி. காரணம் சொல்வதில்லை, சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

நம் புதுக்கவிதைக்காரர்களிடம் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தால் நாலாம் வரியில் அது பிரபஞ்சமாகிவிடும். டம்ளரில் மிஞ்சின காப்பி, இருத்தலின் வெறுமை. பொருளைப் பொருளாகப் பார்க்கப் பொறுமையில்லாதவர்கள்தான் அதைப் படிமமாக்க அவசரப்படுகிறார்கள். ஷோனகனிடம் குருவிக்குஞ்சு, எலிபோல் சத்தம் கொடுத்தால் தத்தி வருகிறது. அவ்வளவுதான். (வங்கியில் புது நோட்டுக் கட்டின் காகிதப் பட்டையைக் கிழிக்கும் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதற்கும் அர்த்தம் கிடையாது.)

ஆனால் பட்டியல் போடுகிறவள் தன்னையும் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். பொருந்தாதவற்றில் ஒன்றாக, எளியவர்களின் வீட்டின்மேல் விழுந்த வெண்பனியைச் சேர்க்கிறாள். அதில் நிலவும் பட்டால் இன்னும் வருத்தமாம். ஓலைக்கூரையின்கீழ் பிறந்தவன் நான். இதை நயம் என்று தாண்டிப்போக முடியாது. 'அந்தக் காலத்து மனுஷி' என்று மன்னிக்கவும் மனசில்லை. அவள் கண்ணில் பழுதில்லை. பனியும் நிலவும் கூரையும் சேர்ந்த ஒளியை அது சரியாகவே பார்த்திருக்கிறது. பார்த்த பிறகு, அந்த வீட்டில் இருப்பவனுக்கு அது தகாது என்கிறாள்.

க.நா.சு.வைப் பட்டியல்காரர் என்று கேலி செய்தார்கள். காரணம் காட்டாத ரசனை விமர்சனமாகாது என்பது அவர்கள் கட்சி. காரணங்களை அடுக்கிய கட்டுரைகளிலோ, எழுதியவனின் பிடித்தம் எங்கே பதுங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். பட்டியலோடு நேராகவே சண்டை போடலாம். ஷோனகனோடு நான் போடுவதும் அதுதான்.

995-இல் தெய்ஷியின் தந்தை இறந்ததும் அந்தக் குடும்பத்தின் செல்வாக்கு சரிந்தது. சில ஆண்டுகளில் தெய்ஷியும் பிரசவத்தை ஒட்டி இறந்தாள். இந்தத் துக்கம் புத்தகத்தில் அநேகமாக இல்லை, சிரித்த பொழுதுகள்தான். அதை அலட்சியம் என்று நான் வாசிக்கவில்லை. விழுந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து வெள்ளிக் கிண்ணத்தையாவது எடுத்து வைக்கிற பிடிவாதம் அது. எஜமானியின் வீடு விழுவதைக் கூட இருந்து பார்த்தவள். பிறத்தியார் கூரைமேல் விழுந்த பனியைப் பொறுக்காதவளும் அவள்தான்.