அலை பார்த்து ஏறும் மரம்

கட்டுமரம் கரையேறுவதை ரசிக்க விரும்புகிறவர் மரத்தைப் பார்க்கக் கூடாது. அதன் பின்னால் எழுகிற அலையைப் பார்க்க வேண்டும். மரக்காரர் பார்ப்பதும் அதைத்தான். அலை மடங்கி உடைகிற இடத்துக்குச் சற்று வெளியே மரத்தை நிறுத்திக்கொண்டு, தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தபடி காத்திருப்பார். கூடையோடு கரையில் நிற்பவர்களுக்கு அவசரம் இருக்கும், அவருக்கு இருக்காது. பெரிய அலைகள் மூன்றோ நான்கோ அடுத்தடுத்து வந்து உடையும், பிறகு கடல் சற்றுத் தணியும். உண்மையிலேயே தணிந்ததா, அடுத்த கூட்டம் கிளம்பிவிட்டதா என்று நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தனக்கு வேண்டிய அலை மரத்தின் பின்பக்கத்தைத் தூக்கும் நேரத்தில் துடுப்பை ஆழ விட்டு வலிப்பார். அதற்கு மேல் வலிக்கத் தேவையில்லை. அலையே கொண்டுவந்துவிடும்.

இனி உள்ள சில நொடிகளில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. அணியம் கரையை நேராக நோக்கியே வர வேண்டும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலும் அலை மரத்தைப் புரட்டிவிடும். மீனும் வலையும் போகும், ஆளின் காலும் முறியலாம். அதனால் வலித்த துடுப்பே இப்போது சுக்கானாகிறது. அலை பின்னே உயரும்போது அணியம் நீருக்குள் குத்தாதபடி உடல் பின்வாங்கும்; அலை முன்னே ஓடும்போது உடலும் முன்னேறும். சொல்லிக்கொடுத்து வருவதில்லை இது. பாதத்தின் அடியில் மரம் அசைகிற விதத்திலிருந்து உடம்பு தானாகக் கற்றது. ஹவாய்க்காரர் பலகைமேல் செய்வதும் அடிப்படையில் இதுவேதான். ஒரு வித்தியாசம், நம்மவர் மீன் சுமையோடு செய்தார், தவறினால் அன்றைய பிழைப்பு போய்விடும் என்ற நிலையில் செய்தார். என் கணக்கில் அதனால் இந்தக் கலையின் மதிப்பு கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

மரத்தின் கட்டைப் பாருங்கள். எடை குறைந்த தடிகள் சில, முனை சீவி, நடுவில் சற்றுத் தாழ்வாக அமையும்படி அடுக்கிக் கயிற்றால் பிணைத்தது. ஆணி கிடையாது. உள்ளே நீர் நிற்க இடமே இல்லாததால் அதை அலையால் மூழ்கடிக்க முடியாது. மேலே ஏறிய நீர் தடிகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் உலர்த்துவார்கள். ஊறிய தடி கனத்துப்போகும். இத்தனை எளிமைக்குள் இத்தனை யோசனை இருப்பதைக் கண்டு வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கலை வளர்ந்த கரை தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டித் தாமிரபரணியோடு கிழக்கே போனால் புன்னைக்காயல். ஆறு கடலில் சேரும் இடம். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாக உள்ள தீவுகள் அலையைத் தடுத்துக் கரையை அமைதியாக வைத்திருக்கின்றன. தெற்கே அந்தத் தடுப்பு இல்லை. காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி என்று போகப்போகக் கடல் திறந்தே கிடக்கிறது. தென்கோடி இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று எழுப்பிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து மோதும். மரம் தள்ளுவதும் ஏற்றுவதும் பெரிய கலையாக வளர இதுவே காரணம்.

ஆனாலும் இந்தக் கரையின் புகழையெல்லாம் கொற்கைக் காலந்தொட்டு முத்தும் சங்கும் வாங்கிக்கொண்டன. முத்தையும் சங்கையும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் மட்டும் படகுகள் பக்கமும் திரும்பி, 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்கு வெகு முன்பே, 1697இல் வெளியான தன் பயண நூலில் வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நின்றன; வெள்ளைக்காரக் கப்பல் படகுகள் அந்த அலையில் இறங்கத் துணியவில்லை. ஆளையும் சரக்கையும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் கொண்டுபோயின. படகும் போக முடியாத நாளில் கடிதங்களை நீர் புகாத கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர் போனார்.

அட்லாண்டிக் கரையிலும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் அலைச்சறுக்கு வரலாற்றைப் பலரும் 1912இல், வர்ஜீனியா பீச்சில் ஜேம்ஸ் ஜோர்டன் ஹவாய்ப் பலகையோடு இறங்கியதிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அந்தக் கடலின் மறுகரையில், இன்றைய கானாவில், 1640களிலேயே குழந்தைகள் பலகை கொண்டு அலையில் பழகியதை ஐரோப்பியப் பயணி மைக்கேல் ஹெமர்சாம் எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்து அதே கரையின் எல்மினாவில் ஜான் பார்போ என்ற இன்னொரு ஐரோப்பியரும் பலகையோடு அலையில் விளையாடிய பிள்ளைகளைக் கண்டார். அங்கும் துறைமுகம் இல்லை. ஐரோப்பியர் கரையிறங்க உள்ளூர்த் தோணிக்காரரையே நம்பியிருந்தனர். அந்தக் குழந்தைகளின் விளையாட்டு தோணிக்காரராவதற்கான பயிற்சி. ஹவாயை மட்டுமே தாய்வீடாகச் சொல்லும் வரலாற்றில் ஆப்பிரிக்கருக்கு இப்போதுதான் இடம் கிடைத்துவருகிறது. நம் மரக்காரருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த இடம் அவருக்கு உரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பலகை நம் நாட்டுக்கு வந்தது அண்மையில்தான். 2004இல் கர்நாடகத்தின் முல்கியில் ஜாக் ஹெப்னர் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் தானே பழகி, தன் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் அவ்வளவு விரைவாகத் தேறியதில் வியப்பில்லை. அலை பார்ப்பது அவர்கள் வீட்டுப் படிப்பு.

அந்தப் படிப்பு இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள் கரை முழுவதும் நிறைந்தன. உழைப்பு குறைந்தது நல்லதே. யாரும் பழைய பாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் வந்த இடங்களில் அலையே மாறிவிட்டது. மரத்தில் அலையேறியவர்கள் இன்று முதியவர்கள். இந்தக் கரையில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பலகையைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் ஒரு வாரம், அந்த ஊர்ப் பழைய மரக்காரர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்து, பிள்ளைகளை அவரோடு கரையில் உட்கார்ந்து அலை பார்க்கச் சொல்லுங்கள்.