ரெசின் உருவங்களும் கல்முனைக் கரையும்

வீடியோ கேம்களில் வரும் வீரர்களையும் அரக்கர்களையும் ரெசினில் வார்த்து, வர்ணம் தீட்டி, கண்ணாடி அலுமாரியில் நிறுத்தும் வழக்கம் ஜப்பானிய ரசிகர்களின் வீட்டுப் பட்டறைகளில் பிறந்தது. 1980களில், பெரிய பொம்மைக் கம்பனிகள் கவனிக்காமல் விட்ட பாத்திரங்களை அவர்கள் தாங்களே செதுக்கினார்கள். சிலிக்கோனில் அச்செடுத்து, பொலியூரித்தேன் ரெசினில் கொஞ்சப் பிரதிகள் வார்த்து விற்றார்கள். இவர்களுக்கென்று ஒஸாகாவின் ஜெனரல் புரொடக்ட்ஸ் நிறுவனம் 1985 இல் தொடங்கிய சந்தைதான் வொண்டர் பெஸ்டிவல். 1992 முதல் அதைக் கய்யோடோ நிறுவனம் நடத்தி வருகிறது. அனிமே, திரைப்படப் பாத்திரங்களைத் தொடர்ந்து கேம் பாத்திரங்களும் அங்கே வந்து சேர்ந்தன. அப்போது வாங்கியவர் கைக்குக் கிடைத்தது வெறும் துண்டுகள். தேய்த்து, ஒட்டி, தீட்டி உருவாக்குவது அவர் பொறுப்பு. இன்று பர்ஸ்ட் ஃபோர் பிகர்ஸ், பிரைம் வன் ஸ்டுடியோ போன்ற நிறுவனங்கள் முழுமையாகத் தீட்டிய சிலைகளைப் பெட்டியில் அடைத்து உலகெங்கும் அனுப்புகின்றன. இந்த மாற்றத்தில் வழக்கத்தின் உயிரான பகுதியே கழன்றுவிட்டது என்று நினைக்கிறேன். அதன் பெறுமதி செய்கையில் இருக்கிறது. வெறும் சேகரிப்பாக அது கிழக்கிலங்கையில் உள்ள நம் கல்முனைக் கரைக்கு வந்தால் நமக்கு நட்டமே மிஞ்சும்.

சேகரிப்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். திரையில் நொடிப்பொழுதில் ஓடி மறையும் ஒரு வடிவத்தை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்க்க உருவம் இடம் தருகிறது. கவசத்தின் மடிப்பும் துணியின் சுருக்கமும் கண்ணைப் பழக்குகின்றன. வாங்குபவர் கொடுக்கும் பணத்தில்தான் சிற்பிகள் வாழ்கிறார்கள். ஆனால் விலையைப் பாருங்கள். பெரிய சிலையொன்று 400 டொலர் என்பது சாதாரணம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, 80,000 ரூபாய்ப் பொருள் சில வாரங்களில் 1,44,000 ஆனது. கட்டாரிலும் சவூதியிலும் உழைத்து அனுப்பப்படும் காசில் பல குடும்பங்கள் நடக்கும் இக்கரையின் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இது சிறிய தொகையல்ல. மட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு, இலக்கமிட்ட அடித்தட்டு, முன்பதிவு முடியும் நாள் என்று விற்பனையாளர் உண்டாக்கும் அவசரம் யோசிக்கவும் விடாது. பின்னாளில் விலை ஏறும் என்ற சமாதானமும் நம் காலநிலைக்கு ஒத்துவராது. வெயில் பட்டால் ரெசின் மஞ்சளிக்கும். சூட்டில் மெல்லிய வாளும் கொம்பும் வளையும்.

செய்கையின் பக்கம் வந்தால் கதை வேறு. ஒரு சிறிய முகத்தை வார்ப்பதை எடுத்துக்கொள்வோம். இரண்டு திரவங்களைச் சரியளவில் கலந்து, அது இறுகத் தொடங்குமுன் சில நிமிடங்களுக்குள் அச்சில் ஊற்றியாக வேண்டும். மூக்கு நுனியில் காற்று சிக்கினால் அங்கே குழி விழும். அதனால் காற்று வெளியேறும் வழியை அச்சைச் செய்யும்போதே யோசித்து வைக்க வேண்டும். கல்முனையில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. பொலியூரித்தேனின் ஒரு பாதியான ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டை வெளிவிடும். கடற்காற்றின் ஈரம் குடித்த திரவம் அச்சுக்குள் நுரைத்துப் பொங்கி, பஞ்சு போன்ற முகத்தைத் தரும். போத்தலை எப்படி மூடி வைப்பது, எந்த அறையில், எந்தப் பருவத்தில் வார்ப்பது என்பதை இந்த ஊர்க்காரர் தம் ஊரிலேயே பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கணினியில் முப்பரிமாண வடிவம் வரைவதும், ஒளியால் இறுகும் ரெசினில் அதை 0.05 மில்லிமீற்றர் படலங்களாக அச்சிடுவதும், அச்சிடும்போது உருவத்தைத் தாங்கிய கால்களின் தழும்பைத் தேய்ப்பதும் இதோடு சேர்ந்தவை. பல் மருத்துவ ஆய்வுகூடமும் நகைப் பட்டறையும் இதே நுட்பத்தை இப்போது பயன்படுத்துகின்றன. மருதமுனையில் தறியும், ஒலுவிலில் பொறியியல் பீடமும் இருக்கும் கரை இது. இங்கே இப்படியொரு கை பழகினால் அது கேமோடு நின்றுவிடாது.

ஆனால் இந்தச் செய்கைக்கு உடல் கொடுக்கும் விலையை அதன் ஆர்வலர்கள் குறைத்தே பேசுகிறார்கள். இறுகாத ஒளி ரெசின் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைத் தரக்கூடியது. தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கும். கொவிட் காலத்துத் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. நைட்ரைல் கையுறை, ஆவியை உறிஞ்சும் வடிகட்டி பொருத்திய முகக்கவசம், காற்றோட்டமுள்ள தனி இடம், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் பழக்கம் ஆகியன கட்டாயம். இவ்வளவும் இளைஞருக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். கட்டுப்படியாகாவிட்டால் தொடங்கக் கூடாது என்பதே என் பதில். குழந்தைகள் தூங்கும் அறையின் மூலையில் இதைச் செய்வதை எந்தக் கலையும் நியாயப்படுத்தாது. எபொக்சியில் சாவிக்கொத்தும் அரபெழுத்துச் சுவர்மணிக்கூடும் வீட்டில் செய்து விற்கும் பெண்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும்; எபொக்சியும் தோலைப் பாதிக்கும். அச்சிட்ட உருவத்தைக் கழுவிய அற்ககோலைக் கானில் ஊற்றினால் அது வயலுக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். அதில் கரைந்திருக்கும் ரெசினை வெயிலில் இறுகவைத்து, வடித்தெடுத்து, திண்மக் கழிவாக அகற்ற வேண்டும்.

இன்னொரு குறை நகலெடுப்பு. ஒருவர் செதுக்கி விற்ற உருவத்தை வாங்கி, அதன் மேலேயே அச்செடுத்து மலிவாக விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அசல் வாங்க வசதியில்லாதவருக்கு வேறு வழி ஏது என்ற வாதத்தில் இரக்கம் இருக்கிறது, நியாயம் இல்லை. நகலுக்குப் போகும் காசில் மாதக்கணக்கில் உழைத்த சிற்பிக்கு ஒரு சதமும் சேராது. வொண்டர் பெஸ்டிவல் இதற்கு நல்ல வழியொன்றைக் கண்டது: அந்த ஒரு நாளுக்கும் அந்த இடத்துக்கும் மட்டும் அமெச்சூர்கள் விற்கலாம் என உரிமையாளர்கள் அனுமதி தருகிறார்கள். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சிற்பத்தையும் காக்கிறது. தனக்கென ஒன்றைச் செய்து பழகுவதையும் பிறர் படைப்பை விற்பனைக்கு வார்ப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்தக் கரையில் மிகக் கனமான ஆட்சேபம் இஸ்லாமிய மார்க்கத்திலிருந்து வருகிறது. அதைப் பழமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. உயிருள்ளவற்றின் உருவங்களை ஆக்குவோரைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் தெளிவானவை. அவற்றின் கடுமை வைத்திருப்பவரைவிடச் செய்பவர் மீதே கூடுதலாக விழுகிறது; செய்கையை உயர்த்திப் பேசும் என் வாதம் நேராக இங்கேதான் மோதுகிறது. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களின் பொம்மைகளையும் சிறகுள்ள குதிரையையும் காட்டி விடை சொல்வோர் உண்டு. அந்தச் சலுகையைச் சிறுமியரின் விளையாட்டோடு சேர்த்தே பெரும்பாலான சட்ட அறிஞர்கள் விளங்கினார்கள். வளர்ந்தவர் அலுமாரியில் காட்சிக்கு நிற்கும் அரக்கனுக்கு அதை நீட்டுவது பலவீனமான வாதம். உருவம் செய்தே பிழைத்த ஒரு கைவினைஞர் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்யும்படி நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரழி) வழிகாட்டியதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்திதான் நமக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. கைத்தொழிலைக் கைவிடச் சொல்லாமல் அதைத் திருப்பிவிடுகிறது அந்தப் பதில்.

அப்படி உயிரற்றவற்றுக்குத் திருப்பினால், பாத்திரம் இல்லாத கேம் உலகம் வெறும் மேடைதானே என்று ரசிகர்கள் கேட்பார்கள். கேமைப் பல மணிநேரம் ஆடியவருக்கு அதன் இடங்கள் பாத்திரங்களுக்குக் குறையாமல் நினைவில் நிற்கின்றன: இடிந்த கோட்டைவாசல், துருப்பிடித்த இயந்திரம், வேர் பிளந்த கற்படி. அவற்றைச் செய்வது இலகுவுமில்லை. துருவை நம்பும்படி தீட்ட, முகத்துக்குத் தோல்நிறம் ஏற்றுவதைப் போலவே பல மெல்லிய படலங்கள் வேண்டும். இந்தக் கை பழகியவர் பிறர் கற்பனையிலேயே நின்றுவிடவும் தேவையில்லை. கரைவலைத் தோணியொன்றின் மரநாரையும், உப்பு அரித்த ஆணியையும், உரிந்த நீல வர்ணத்தையும் 35 இல் ஒரு பங்கு அளவில் கொண்டுவருவது எந்தக் கவச வீரனையும் விடச் சுலபமல்ல. அதற்கு எந்தக் கம்பனியிடமும் உரிமம் கேட்கவும் வேண்டியதில்லை.